வீட்டைக் கட்டிப் பார்க்கக் காஞ்சிக்குப் போனோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் இரண்டு சவால்களை ஒரே மூச்சில் விட்டுச் சென்றார்கள். இவற்றுள் இரண்டாவது காரியத்தை உத்தேசித்துக் காஞ்சிபுரம் செல்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை. முகூர்த்த மாதங்களில் அவ்வூர்க் கடைத் தெருக்களில் பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் அவர்களுடைய சுற்றத்தாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். ஆனால் முதற் காரியத்திற்காகக் காஞ்சிபுரம் போனவர்கள் நாங்கள்.

காரணம் இதுதான். அவ்வூரில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சிறு மனை உண்டு. வெகு காலமாய் அதில் ஒரு வேப்பமரமும் நாலு ஆடுகளுமே குடியிருந்தன. அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு சென்னைச் சந்தடியிலிருந்து விலகி வாழ வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு உண்டாயிற்று. ஆசையோடு பயமும் சேர்ந்தே உண்டாயிற்று. ஏனெனில், நாங்கள் முன்பு ஒரு தடவை வீடு கட்டியிருக்கிறோம்! சென்னைக்குப் புறத்தே கட்டிய அந்த வீட்டிற்கு எந்த லாரியில் எந்தச் சாமான் வந்தது என்று நாங்கள் ஏறிட்டும் பார்த்ததில்லை. பணத்தைக் கொடுத்தோம், கிரகப் பிரவேசத்துக்குப் போனோம். மூன்றாவது மழைக் காலத்தில் சுவர் முழுவதும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்தது. நான்காவது மழைக் காலத்தில், ஒரு நாள் மாலை, கூடத்து மேற்பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில்தான் தினந்தோறும் குழந்தை உட்கார்ந்து பாடம் எழுதுவது வழக்கம். அன்று அவள் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குச் சென்றிருந்தாள். அதற்கு மேல் அந்த மாலையைப் பற்றி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே இந்தத் தடவை, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே சாமான்களைப் பற்றித் தெரிந்துகொள்வது என்று தீர்மானித்தோம். எங்களுடன் அத்தையும் புறப்பட்டாள். அவள் எழுபது வயதைத் தாண்டியவள். புடவைக் கடைக்காரர்கள் அவளைக் கண்டால் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

புடவையும் செங்கல்லும்

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்திலுள்ள காஞ்சிபுரத்தில் இறங்கியதும், "வந்ததுதான் வந்தோம், ஒரு கடையை எட்டிப் பார்த்துவிடலாமே" என்றாள் அத்தை. எட்டிப் பார்த்தது இரண்டு மணி நேரம் நீடித்தது.

அத்தை ஒரு புடவையைப் பார்ப்பது தனிக் கலை. முதலில் உடலும் கரையும் சேரும் இடத்தைப் பிரித்துப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, ஊடை இழைகளை ஒன்றோடொன்று பின்னிச் சேர்ப்பதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை சரியாக அமைந்த புடவை நைந்தாலும் கரை தனியே கழன்று வராது. பிறகு ஓரத்திலிருந்து ஓர் இழையை வாங்கிச் சுடரில் காட்டினாள். மயிர் பொசுங்கும் வாசனை வந்து, சாம்பல் விரலிடையே பொடியாயிற்று; பட்டுதான். பிறகு ஜரிகையைச் சுரண்டினாள். உள்ளே பட்டு நூல், அதன் மேல் வெள்ளித் தகடு, அதற்கு மேல் தங்க முலாம். சந்தேகமிருந்தால் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று கணக்காய்ச் சொல்லிவிடும் கருவிகளும் இவ்வூரில் இருக்கின்றன. நல்ல ஜரிகை நெசவாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1971-ஆம் ஆண்டில் சர்க்கார் சார்பில் தமிழ்நாடு ஜரிகை ஆலை என்ற நிறுவனம் காஞ்சியில் ஏற்பட்டது.

எங்களுக்கு வழிகாட்ட இசைந்திருந்த மேஸ்திரி கடை வாசலில் பொறுமையாய்க் காத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் காலத்தில் கரண்டி பிடிக்கக் கற்று, சிமெண்டுக் காலத்தில் தலை நரைத்தவர் அவர். அத்தை வெளியே வந்ததும் கைகூப்பிவிட்டு, "அம்மா, ஆறு கெஜத்துக்கு இரண்டு மணி நேரம் பார்த்தீர்கள். பழைய வீட்டுக்கு வந்த செங்கல்லை எத்தனை நாழிகை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

அத்தை எங்களைப் பார்த்தாள். நாங்கள் தெருவைப் பார்த்தோம்.

பல்லவர் விட்ட நான்கு பொருள்கள்

மேஸ்திரி எங்களை முதலில் அழைத்துச் சென்றது செங்கல் சூளைக்கு அல்ல, கைலாசநாதர் கோயிலுக்கு. "சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெரிய வாத்தியாரிடமிருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ராஜசிம்மன் என்னும் பல்லவ அரசன் கி.பி. 700-ஐ ஒட்டி எடுப்பித்த கோயில் இது. திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாய் 58 சிறு கோயில்கள். பிறை சூடிய பெருமான் எத்தனை கோலங்களில் தரிசனம் தர முடியுமோ அத்தனையும் அங்கே சிற்பமாய் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் சிற்பத்தைப் பார்ப்பார்கள். மேஸ்திரி எங்களைக் குனிந்து அடியைப் பார்க்கச் சொன்னார். சிற்பங்கள் செதுக்கிய சுவர் மணற்கல். பாரம் தாங்கும் அடித்தளத்து வரிசைகளிலோ கருங்கல்! மணற்கல் உளிக்கு இணங்கும். ஆகையால் இத்தனை நுட்பமான வேலை அதில் சாத்தியமாயிற்று. ஆனால் மழையும் காற்றும் அதைத் தின்னும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் பல உருவங்களின் முகங்கள் கரைந்து போயிருப்பதையும், சுதை பூசிப் பழுது பார்த்த இடங்களையும் இன்றும் காணலாம். கருங்கல்லோ பாரத்துக்கும் ஈரத்துக்கும் அசையாமல் கிடக்கிறது.

"உயர்ந்த சாமான், தாழ்ந்த சாமான் என்று ஒன்று கிடையாது, ஐயா. எது எந்த இடத்துக்கு ஏற்றது என்பதுதான் உண்டு" என்றார் மேஸ்திரி. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைத் தூரத்தில் சுட்டிக்காட்டினார். 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் அந்தக் கோபுரத்திலும் அதே நியாயந்தான். கீழே கருங்கல், மேலே ஏற ஏறப் பாரம் குறையச் செங்கல்லும் சுதையும்.

ராஜசிம்மனுக்கு முன்னோனாகிய முதலாம் மகேந்திரவர்மனைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். விழுப்புரம் ஜில்லாவில் மண்டகப்பட்டு என்னும் இடத்தில் குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு அவன் ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமலே இக்கோயிலை ஆக்கினேன் என்று பெருமையுடன் அங்கே கல்லில் பொறித்தும் வைத்தான். மன்னனுக்கு அது பெருமை. மலையைக் குடையும் வசதி இல்லாத நம் போன்ற கிரகஸ்தர்களுக்கோ, அவன் வேண்டாமென்று விட்ட அந்த நான்குதான் வீடு!

இன்னொருவரையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காஞ்சியில் அரசன் கற்கோயில் எடுத்த காலத்தில், திருநின்றவூரில் பொருளற்ற பூசலார் கல்லும் சுண்ணாம்பும் மரமும் எல்லாவற்றையும் மனத்திலேயே தேடிச் சேர்த்து, மனத்திலேயே கோயில் கட்டி முடித்தார் என்றும், இறைவன் அரசனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அங்கே முதலில் எழுந்தருளினார் என்றும் பெரிய புராணம் கூறுகிறது. அந்த அரசன் கட்டியது இந்தக் கைலாசநாதர் கோயிலே என்று கருதுகிறவர்கள் உண்டு. பூசலார் சேர்த்த செங்கல்லில் வேகாத செங்கல் கலந்திருக்க வழியில்லை. நாம் சேர்ப்பதில் வழியுண்டு. ஆகையால் அந்த நான்கையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

செங்கல்

மறுநாள் காலையில் ஒரு சூளைக்குப் போனோம். அடுக்கி வைத்திருந்த குவியலிலிருந்து மேஸ்திரி இரண்டு செங்கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். 'கணீர்' என்றது. மற்றொரு குவியலிலிருந்து எடுத்துத் தட்டினார். 'சொத்' என்றது. "கணீர் என்றால் வெந்தது. சொத் என்றால் அரைவேக்காடு" என்றார். அத்தைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பாத்திரக் கடையில் அவள் செய்வதும் இதுவே அல்லவா?

அதன் பிறகு ஒரு செங்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து கட்டாந்தரையில் நழுவ விட்டார். உடையவில்லை. நகத்தால் கீறினார். கோடு விழவில்லை. ஒன்றை நடுவே உடைத்து உள்ளே காட்டினார். புற நிறமும் அக நிறமும் ஒன்றாய், சிவந்து, கல்லும் சுண்ணாம்புக் கட்டியும் இல்லாமல் இருக்க வேண்டுமாம். நடுவிலே கறுத்திருந்தால் உள்ளே சரியாய் வேகவில்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி இருந்தால், நீர் பட்டதும் அது உப்பிப் பூச்சைத் தள்ளும். பத்துச் செங்கல்லை நீளவாட்டில் வரிசையாய் வைத்து, வேறு பத்தை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு வரிசையும் ஒரே அளவில் முடிந்தன. அளவு ஏறுமாறான செங்கல்லுக்குச் சாந்து அதிகம் செலவாகும். செங்கல்லில் மிச்சம் பிடித்த பணம் சிமெண்டில் போய்விடும்.

இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் உரிய பரீட்சைகள். முக்கியமான பரீட்சைக்கு ஒரு தராசும் ஒரு வாளியும் ஒரு நாள் பொறுமையும் வேண்டும். உலர்ந்த செங்கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடியும் நிறுக்க வேண்டும். சாதாரணச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீரைக் குடிக்கலாகாது என்பது இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் விதி. 3 கிலோச் செங்கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால், அது மழைக் காலத்தில் சுவரிலும் அதையே செய்யும். பின்பு அதே செங்கல்லைத் தட்டில் சிறிது நீர் ஊற்றி நிறுத்தி, நீர் முழுவதும் வற்றும்படி விட்டுவிட வேண்டும். வற்றியதும் வெள்ளையாய் உப்புப் படர்கிறதா என்று பார்க்கலாம். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் மூன்றாவது மழைக் காலத்தில் வெளிவந்த ரகசியத்தை, ஒரு தட்டு நீர் சில தினங்களில் சொல்லியிருக்கும்!

மணலும் சாந்தும்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் கல் உடைக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஜல்லியும் 'எம்-சாண்ட்' என்று வழங்கும் செயற்கை மணலும் பார்க்க அங்கே புறப்பட்டோம். வழியில் பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. மேலே நீர் இல்லாவிட்டாலும் அடியிலே ஊற்றோடு ஓடும் ஆறு பாலாறு. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் இரு கரையும் புரள ஓடியது. மற்றப் பெரும்பாலான நாட்களில் மணலே ஆறு. அந்த மணலைத்தான் நம் வீடுகளுக்காக வாரி வாரி எடுத்தோம். மணல் போன இடத்தில் பள்ளமும் கருவேலமுமே மிச்சம். மணல் என்பது நீரைப் பிடித்து வைத்துக் கரையோரத்துக் கிணறுகளுக்குக் கொடுக்கும் பாத்திரம். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு நீர் எங்கே என்று கேட்டால் எப்படி?

ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் கருதியதாகவும், அந்த வார்த்தையே தம் வாழ்நாள் தொழிலுக்கு வழிகாட்டியதாகவும் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் எழுதியிருக்கிறார். இன்று அந்த யோசனையை அனுசரிக்கிறவன், ஐந்து மைலுக்குள் கிடைக்கிறதா என்பதோடு, எடுத்தால் ஐந்து மைலுக்குள் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் திருட்டுத்தனமாய் வரும் ஆற்று மணல் நம் மனையில் இறங்கினால், நம் கிணற்றிலிருந்தே நாம் திருடியதாகும். ஆகவே எங்கள் வீட்டுக்குச் செயற்கை மணல்தான் என்று பாலத்தின் மேலேயே முடிவாயிற்று.

செயற்கை மணல் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கருங்கல்லை முறைப்படி உடைத்து, மணிகளின் முனை மழுங்கச் செய்து, சலித்து, கழுவித் தயாரித்த மணல் கான்கிரீட்டுக்கு ஏற்றதே. தரநிர்ணய விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆலைகளைச் சோதித்துப் பொதுப்பணித் துறை மதிப்பீட்டுச் சான்றும் அளிக்கிறது. தொல்லை எங்கே என்றால், ஜல்லி உடைக்கையில் உதிரும் வெறுந்தூளையும் சிலர் அதே பெயரில் விற்றுவிடுவதில்தான். தூள் மிகுந்தால் நீர் அதிகம் கேட்கும்; நீர் மிகுந்தால் பலம் குறையும்; பூச்சில் மயிரிழை வெடிப்புக் காணும். கான்கிரீட்டுக்கு ஒரு மணல், பூச்சுக்கு அதைவிட நைசான வேறொரு மணல் என்று தனித்தனியே தயாரிப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மேஸ்திரி கற்பித்த பரீட்சைக்குச் சாமான் ஒரு கண்ணாடிப் புட்டிதான். பாதி மணல், முக்கால் அளவுக்கு நீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாய்க் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், கீழே மணலும் மேலே வண்டலும் பிரிந்து படியும். ஆற்று மணலில் வண்டல் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இருந்தால் கழுவாமல் உபயோகிக்கக் கூடாது. மணல் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் தோன்றினால், இரண்டு மணியை நாக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். உப்புக் கரித்தால் கடல் மணல். அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். கட்டட நீருக்கும் அதே நியாயம். குடிக்கத் தகுந்த நீரே கட்டத் தகுந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பாமல் அதைக் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு விடலாகாது. அதில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

சிமெண்டுப் பரீட்சைக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூட்டையைப் படிக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரான வாரமும் வருஷமும் அதில் அச்சிட்டிருக்கும். கிடங்கில் மூன்று மாதம் கிடந்த சிமெண்டு தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பார்கள். மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாய் இருக்க வேண்டும். விரலிடையே மாவு போல் வழுவழுக்க வேண்டும். நசுக்கினாலும் உடையாத கட்டி இருந்தால் ஈரம் தாக்கிவிட்டது என்று அர்த்தம்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மேஸ்திரியின் குரலே மாறிவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு, நாட்கணக்காய் அரைத்த சாந்தில் எழுந்தவை நம் ஊர்ப் பழைய வீடுகளும், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுக் கூரைகளும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பழைய செங்கல்லை அரிக்கும். புது வீட்டுக்குச் சிமெண்டு, பழைய வீட்டைப் பழுது பார்க்கச் சுண்ணாம்பு என்பது அவர் கட்சி. இதுவும் கைலாசநாதர் கோயிலில் கேட்ட பாடமே.

உத்திரமேரூர் வரை போய்விட்டு, கல்வெட்டைப் பார்க்காமல் திரும்பலாமா? முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலையிட்டுத் தேர்ந்தெடுத்த விதிகளை இங்கே கல்லிலே பொறித்திருக்கிறார்கள். சொந்த மனையிலே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவனாய் இருக்க வேண்டும் என்பது தகுதிகளுள் ஒன்று! ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பிரித்திருந்தார்கள். "செங்கல்லுக்கு வாரியம் இல்லையா?" என்று அத்தை கேட்டாள். "அது நீங்கள்தான், அம்மா" என்றார் மேஸ்திரி.

கம்பியும் மரமும்

கம்பிக் கடையில் அத்தை முதலில் கேட்டது தராசு. டி.எம்.டி. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தை மேஸ்திரி சாக்குக் கட்டியால் சுவரில் எழுதிக் காட்டியிருந்தார். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம், எடை 10 கிலோ 660 கிராம் இருக்க வேண்டும். சிறிது ஏறலாம், இறங்கலாம். 10 கிலோவுக்கும் குறைந்தால் மெல்லிய கம்பியைத் தடித்ததென்று விற்கிறார்கள் என்று பொருள். கம்பியின் மேலேயே தயாரித்தவர் பெயரும் தர எண்ணும் பொறித்திருக்கும். 'எஃப்.இ. 500 டி' என்பது வீடுகளுக்குப் பொதுவாய்ச் சொல்லும் தரம். 'டி' என்ற எழுத்து அதிகம் வளைந்து கொடுக்கும் குணத்தைக் குறிக்கும். கையால் துடைத்தால் போகும் மெல்லிய துரு குற்றமில்லை. செதில் செதிலாய் உதிரும் துருவும், எண்ணெயும், வர்ணமும் ஆகா. சிமெண்டு கம்பியைப் பிடிக்காது.

மரத்துக்கு நம் மொழியே பரீட்சையைச் சொல்லித் தருகிறது. 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். மரத்தின் நடுப்பகுதி கறுத்து இறுகியது வைரம். ஓரத்திலே வெளிறிய பகுதியில்தான் கறையானும் வண்டும் முதலில் வாய் வைக்கும். நிலைக்கால் வாங்கும்போது நாலு முகத்தையும் திருப்பி, வெளிறிய ஓரம் இருக்கிறதா, உயிரற்ற கணு உதிர்கிறதா, தலைமாட்டில் வெடிப்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வர்ணம் பூசிய பிறகு மரத்தைப் பார்ப்பது, மணமான பிறகு ஜாதகம் பார்ப்பது போலத்தான்! உலராத மரம் முதற் கோடையில் முறுக்கிக்கொள்ளும். பிறகு கதவு மூடாது. தேக்கு, வேங்கை, கோங்கு என்று பெயரை மாத்திரம் கேட்டு வாங்காமல், நன்கு உலர்ந்ததா என்று கேட்டு வாங்குவது நலம். இடித்த பழைய வீடுகளின் உத்தரங்கள் விலைக்கு வருவதுண்டு. அவற்றை அறுத்துக்கொண்டால், பல தலைமுறை வெயிலில் உலர்ந்த மரம் கிடைக்கும்.

தறிக் குழி சொன்ன செய்தி

திரும்பும் முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சென்றோம். நீண்ட கூடம். தரையிலே குழி, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்தவாறே நெய்யும் குழித்தறி. வீட்டுக்காரர் எழுந்து, "வாருங்கள், உட்காருங்கள்" என்று உபசரித்தார். அடைமழைக் காலத்தில் குழியிலே நீர் ஊறிவிடும் என்றும், அப்போது நெசவு நின்றுவிடும் என்றும், தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்றும் சொன்னார். "சுவரில் ஓதம் ஏறுவதற்கு முன்பே பாவு தளர்ந்து எங்களுக்குச் சொல்லிவிடும்" என்றார்.

ஒரு வீட்டில் ஓதம் என்பது எங்களுக்குப் பூச்சு உதிரும் கவலை. அவருக்கு அது அன்றைய அடுப்பு எரியுமா என்ற கவலை. அந்தக் கூடத்தில் நின்றபோதுதான், சுவரின் அடியில் போடும் ஈரத்தடுப்புப் பூச்சையும், தெருமட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தரை அமைய வேண்டும் என்பதையும் சில்லறைச் செலவாய் நினைத்திருந்தது எவ்வளவு பிசகு என்று புரிந்தது. மேல்மாடி அலங்காரத்துக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து ஒரு பகுதியை அன்றைக்கே அடித்தளத்துக்கு மாற்றி எழுதிவிட்டோம்.

முதல் லாரி

சில வாரங்களுக்குப் பின் மனையில் வேலை ஆரம்பமாயிற்று. ஐந்து ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். முதல் லாரியில் மணல் வந்தது. டிரைவர் கொட்டப் போகும் சமயத்தில் அத்தை கையை உயர்த்தி நிறுத்தினாள். லாரியின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு கை மணல் எடுத்துப் புட்டியில் போட்டுக் குலுக்கி, வேப்பமரத்தடியில் வைத்தாள். டிரைவர் முணுமுணுத்தார். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூலிக் கணக்கு எங்கள் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுகூட, உண்மையைச் சொன்னால், எங்களுக்குத் தோன்றிற்று.

முற்பகலில் புட்டி தெளிந்தது. கால் பங்குக்குக் குறையாமல் வெறுந்தூள்.

"எல்லோருக்கும் இதைத்தான் போடுகிறோம், அம்மா" என்றார் டிரைவர்.

"எல்லோருக்கும் போடுவதைத்தான் முன்பு எங்களுக்கும் போட்டார்கள், அப்பா. அது ஒரு நாள் சாயங்காலம் குழந்தை உட்காரும் இடத்தில் விழுந்தது" என்றாள் அத்தை.

டிரைவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று வேலை நடக்கவில்லை. ஐந்து பேருக்கும் கூலி கொடுத்து அனுப்பினோம். மறுநாள் வேறொரு இடத்திலிருந்து சான்றுச் சீட்டோடு வேறு மணல் வந்தது. அதையும் அத்தை புட்டியில் போட்டாள். கீழே சுத்தமான மணல். மேலே ஒரு மெல்லிய கோடு. "கொட்டு" என்றாள்.

ஒரு நாள் கூலி எங்களுக்கு நஷ்டந்தான். பழைய வீட்டுப் பூச்சை இடித்துத் திரும்பப் பூசிய செலவுச் சீட்டு இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதன் பிறகு அந்த நஷ்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

வீடு கட்ட உத்தேசித்திருக்கும் நேயர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் லாரி ஒவ்வொன்றுக்கும் தேதியும் பரீட்சையின் முடிவும் எழுதி வையுங்கள். கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் சில கட்டிகள் வார்த்தெடுத்து, 28 நாள் நீரில் வைத்து, பொறியியற் கல்லூரிச் சோதனைச் சாலையில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் முன் எந்தச் சாமானையும் பார்க்கலாம், திருப்பி அனுப்பலாம். பூச்சுப் பூசிய பிறகு அதைப் பார்க்க மழையால் மட்டுமே முடியும்.

காஞ்சியில் எங்கள் வீடு இப்போது ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது. வேப்பமரம் வெட்டப்படவில்லை. ஆடுகள் மாத்திரம் சற்றுக் கோபமாய், எதிர் மனைக்குக் குடிபோயிருக்கின்றன.